நாலாம் நம்பர் கேமரா

காட்டுக்குப் போகிற நாளில் லுவான் காப்பி குடிக்கக் கூடாது. விடிகாலை ஐந்தே காலுக்கு எழுந்து, ஆறு மணிக்குப் பள்ளிக்கூடப் பேருந்தைக் கிளப்பி, மேடும் பள்ளமுமான இருபத்தெட்டு மைலில் நாற்பத்தொரு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிறவளுக்கு அது லேசான காரியமில்லை. ஆனாலும் ஆர்டன் விடமாட்டான். எட்டரை மணிக்கு அவள் சமையலறைக் கதவைத் திறந்ததும் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து வழிமறித்து நிற்பான்.

"ஊது."

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத."

"ஊதுன்னா ஊதேன்."

ஊதினாள்.

"பெப்பர்மின்ட். காப்பிய மறைக்க மிட்டாய் போட்டிருக்க. எனக்கே தெரியுது, மானுக்குத் தெரியாதா?"

"பேசாம நீ ஒரு மானையே கட்டியிருக்கலாம்."

"கட்டியிருந்தா சொன்ன பேச்சக் கேட்டிருக்கும்."

அக்டோபர் கடைசி. ஸ்கார் பள்ளத்தாக்கில் மேப்பிள் இலைகள் முழுக்க உதிர்ந்து, ஓக் மரங்கள் மட்டும் காய்ந்த தோல் நிறத்தில் இலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூன்று நாளாகக் காலையில் புல்லெல்லாம் உறைபனி. மலைச்சரிவுகளில் மக்காச்சோள அறுப்பு பாதி முடிந்திருந்தது. மான் கிடாக்கள் கழுத்து பருத்து, இளமரங்களில் கொம்பை உரசிப் பட்டையை உரிக்கத் தொடங்கிவிட்டன. துப்பாக்கி வேட்டை திறக்க இன்னும் மூன்றரை வாரம். விஸ்கான்சினின் இந்தப் பக்கத்தில் அந்த நாளுக்குப் பள்ளிக்கூடம்கூடக் காலியாகிவிடும்.

மானுக்குத் தெரியாமல் மானைப் பார்க்க வேண்டும். ஆர்டனின் வேதம் அவ்வளவுதான். அதற்கு மரங்களில் மாட்டிய ஆறு கேமராக்கள், எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் எடுப்பவை. மான்கள் படுத்துக் கிடக்கும் நடுப்பகலில் போக வேண்டும். காற்று முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடிக்கக் கூடாது. வாசனையில்லாத சோப்பில் துவைத்து, கொடியில் காயப்போட்டு, ஓக் சருகோடு பெட்டியில் பூட்டிய உடுப்பு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கிளையை ஒதுக்கக் கூடாது, இலையைத் தொடக் கூடாது, துப்பக் கூடாது. கேமராவைத் திறந்து, படங்கள் பதிவான கார்டை மாற்றிவிட்டு, போன வழியிலேயே திரும்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். அதற்கு மேல் போனால் அது வேவு இல்லை, விரட்டல்.

போன வருஷம் வரை இதையெல்லாம் அவனே செய்தான். வேட்டை திறந்த முதல் நாள் விடியுமுன் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணிலிருந்து விழுந்தான். பதினாறு அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் போயிற்று. இப்போது லுவான்தான் அவன் கால். அவள் கொண்டுவரும் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, சமையலறை மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திட்டுவான்.

"இங்க பாரு, உன் முதுகு. ரெண்டாம் நம்பர்ல பதினோரு படத்துல உன் முதுகுதான். அத்தன நேரம் அங்க என்ன பண்ணின, பஜனையா?"

"கதவு திறக்கல. துருப்பிடிச்சிருந்துச்சு."

"நீ போன அடுத்த நாலு நாள் ஒரு பெட்டைகூட அந்தப் பக்கம் வரல. நாலு நாள்! இவ்வளவு பெரிய கிடா நம்ம நிலத்துல நடமாடுது, நீ அதக் கொண்டுபோய் வேலிக்கு அந்தப்புறம் ஒப்படைச்சிட்டு வர."

வேலிக்கு அந்தப்புறம் கேலன். ஆர்டனின் தம்பி. அப்பன் நிலம் இரண்டாகப் பிரிந்தபோது ஓடைக்கு மேற்கே அவனுக்கு வந்தது. பரண்கள் மட்டும் பொது. ஒன்பது பரண், இரண்டு பேரும் சேர்ந்து கட்டியவை. விழுந்த நாளிலிருந்து ஆர்டன் தம்பியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பரணை மரத்தோடு கட்டிய, கேலன் மாற்ற வேண்டிய வார் அறுந்துதான், கச்சைக் கொக்கியை மாட்டுமுன்பே பலகை காலடியில் நழுவிற்று என்பது அவன் பேச்சு. ஆனால் வேட்டைக் காவல் அதிகாரி போய்ப் பார்த்தபோது பரண் நேராக, புது வாரில் இறுக்கமாக நின்றது. பாதுகாப்புக் கச்சை மரத்தில் மாட்டப்படாமல் ஆர்டனின் உடம்பிலேயே தொங்கியது. அவசரத்தில் கால் வழுக்கியிருக்கிறது, தலையில் அடிபட்டதால் ஞாபகம் குழம்பியிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

பத்தொன்பது வருஷம் ஊர்க்கூடத்தில் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் ஆர்டன். இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது வயதுக்குக் கீழே துப்பாக்கி தூக்குகிற எல்லோரும் அவன் கையில் சான்றிதழ் வாங்கியவர்கள்தான். அவன் கச்சை மாட்டாமல் விழுந்தான் என்றதும் ஊர் முதுகுக்குப் பின்னால் சிரித்தது. வகுப்பை இப்போது புதன்கிழமைகளில் கேலன் எடுக்கிறான்.

"நாலாம் நம்பர் எங்க?" என்றான் ஆர்டன்.

"திரும்பவுமா?"

"ஆறு கேமரா. வெள்ளைப் பெயின்ட்ல நம்பர் போட்டது நான். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு. நாலு எங்க? அவன் எடுத்துட்டான்."

"கேலனுக்கு உன் பழைய கேமரா எதுக்கு? நீயே எங்கயாவது மாட்டிட்டு மறந்திருப்ப. அந்த வாரம் நடந்தது ஒண்ணும் உனக்கு ஞாபகமில்லன்னு டாக்டர்..."

"சொல்லு. முழுசாச் சொல்லு. தலையில அடிபட்டவன்னு சொல்லு."

போன குளிர்காலம் முழுக்கத் தினமும் இந்தப் பேச்சுத்தான். முற்றத்தில் பனி தள்ளிக்கொடுத்தவன் கேலன். விறகு வெட்டிக் கொட்டகையில் அடுக்கியவன் கேலன். நாற்காலி ஏறுவதற்கு வாசலில் சாய்தளம் அடித்தவனும் அவனே. ஆர்டன் சன்னலருகில் உட்கார்ந்து அத்தனைக்கும் வைதான். அந்த விறகில் சூடுகாய மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்கக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். லுவான் யாரை நம்புவாள்?

"இன்னிக்கு மூணு ஓடை கூடுற இடத்துல புதுசா ஒண்ணு மாட்டணும்," என்றான்.

ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "அங்க வேண்டாம்."

"காத்து வடமேற்கு. இதவிட நல்ல நாள் அமையாது. கிடா அங்கதான் கடக்குது, அஞ்சாம் நம்பரையும் ரெண்டாம் நம்பரையும் சேத்துப் பாத்தா வேற வழியே இல்ல."

"ஆர்டன், நீ விழுந்த இடம் அது."

"விழுந்தது நான். உனக்கு என்ன வலி?"

மான் கறி ஜாடி ஒன்றைத் திறந்து உருளைக்கிழங்கோடு சூடாக்கி அவன் முன் வைத்துவிட்டு, பின்கட்டில் போய் உடுப்பு மாற்றிக்கொண்டாள். "ஊறுகாய் எங்க?" என்று உள்ளேயிருந்து கத்தினான். அவள் காதில் விழாதது போல் நடந்தாள்.

*

பன்னிரண்டு மணிக்கு ஓடைக்கரையோடு ஏறினாள். வெயில் இருந்தது, சூடில்லை. முட்செடிகளின் விதைகள் கால்சட்டையில் ஈயாக ஒட்டின. தூரத்தில் கேலனின் அறுவடை இயந்திரம் சோளத்தை மென்றுகொண்டிருந்த சத்தம்.

மூன்று ஓடைகள் கூடும் இடத்தில் வேலிக்கம்பி தரையோடு படுத்துக் கிடந்தது. மான்கள் தாண்டித் தாண்டி மண் தேய்ந்து பளபளத்தது. அதற்குமேல் தாழ்ந்திருந்த ஒரு கிளையடியில் கிடா காலால் பறித்துப் போட்ட ஈர மண், மூத்திர நாற்றம். ஆர்டன் சொன்னது சரி. இருபது அடி தள்ளி அந்த ஓக் மரம். அதன்மேல் பரண். லுவான் ஒரு வருஷமாக இந்தப் பக்கமே வந்ததில்லை. மரத்தடியைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, கேமரா மாட்டத் தோதான மரம் தேடினாள்.

எதிரே அடர்ந்த செடார் மரம் ஒன்று. பத்தடி உயரத்தில் மாட்டிக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும், மான் தலை நிமிர்ந்து பார்க்காது. மடக்கு ஏணியைச் சாய்த்து ஏறினாள். கிளைகளை விலக்கினால் அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. மரப்பட்டை நிறத்தில் நாடா சுற்றி, அடர்த்திக்குள் செருகி, கீழிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாதபடி. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் நான்கு.

ஏணியிலேயே நின்றுகொண்டு கதவை நெம்பினாள். எறும்புக் கூடு, உலர்ந்த குளவி இரண்டு. பேட்டரி செத்திருந்தது. கார்டு மட்டும் தன் இடத்தில் சுத்தமாக இருந்தது.

அவள் புதுக் கேமராவை மாட்டவில்லை. போன வழியிலேயே திரும்பவும் இல்லை. மலையை நேராக ஏறி, கிளைகள் முறிய, வீட்டுக்குள் நுழையாமல் பிக்கப் வண்டியில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பேருந்து நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

போனில் செருகிக் கார்டைப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்று அவள் பையில் இருந்தது. காலிப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து செருகினாள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தேதியும் மணியும். ஆர்டன் விழுந்த அந்தச் சனிக்கிழமைக்கு விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

ஐந்து நாற்பத்தொன்று. சாம்பல் நிற இருட்டில் ஆர்டனின் முதுகு. நேராக நடந்து போகிற இரண்டு கால்கள். லுவான் அந்தக் கால்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஐந்து நாற்பத்தொன்பது. மரத்தடியில் ஒரு குவியல். மேலே பரண் ஒற்றைச் சங்கிலியில் பக்கவாட்டில் தொங்குகிறது. அறுந்த வார் பாம்பு போல மரத்தில் ஆடுகிறது.

அதன்பின் ஒன்றரை மணி நேரம் எதுவும் இல்லை. ஒரே ஒரு படத்தில் ஒரு பெட்டை மான் குட்டியோடு வந்து, கீழே கிடந்தவனை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

ஏழு இருபது. விடிந்துவிட்டது, படத்துக்கு நிறம் வந்துவிட்டது. ஆரஞ்சு உடுப்பில் கேலன். ஏழு இருபத்தொன்று, மண்டியிட்டுக் குனிந்திருக்கிறான். ஏழு இருபத்துநான்கு, மரத்தில் ஏறுகிறான். ஏழு முப்பது, முப்பத்துமூன்று, முப்பத்தெட்டு. மரத்தின் மேலேயே இருக்கிறான். பரண் நேராகிவிட்டது. புது வாரின் மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிகிறது. ஏழு நாற்பத்துமூன்று. இறங்கிப் போகிறான், பழைய வாரைச் சுருட்டி மேல்பைக்குள் திணித்துக்கொண்டு.

ஏழே முக்கால் மணிக்குத்தான் அண்ணனைப் பார்த்தேன், பார்த்ததும் மலைமேல் ஓடிப் போன் செய்தேன் என்று எல்லோரிடமும் சொன்னவன்.

ஆஸ்பத்திரியில் ஆர்டன் கண் திறந்ததும் முதலில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. மேலே வார் இறுக்குகிற சத்தம் கேட்டது லூ, கிர்ர் கிர்ர்னு, நான் கீழ கெடக்கேன். அவள் அவன் நெற்றியைத் தடவி, தூங்கு என்றாள்.

இரண்டரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏறினார்கள். இருபத்தெட்டு மைலும் அவள் எப்படி ஓட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில்தான் இறக்கியிருக்கிறாள்.

*

நாலே முக்காலுக்கு, சோளக்கொல்லையின் நடுவே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போய் அறுவடை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினாள். கேலன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். அவள் நகரவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். தாடியெல்லாம் சோளத் தூசி.

"என்ன லூ, அவனுக்கு ஏதாச்சும்..."

"இருபத்துமூணு நிமிஷம்," என்றாள்.

"என்ன?"

போனை நீட்டினாள். கேலன் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினான். ஒவ்வொரு படமாகத் தள்ளினான். மூன்றாவது படத்தில் அவன் விரல் நின்றுவிட்டது.

"இது எங்க கெடச்சுது?"

"அவன்தான் மாட்டியிருந்தான். உனக்கும் தெரியாம, எனக்கும் தெரியாம. ஒரு வருஷமா நாலாம் நம்பர் நாலாம் நம்பர்னு கத்திட்டிருந்தானே, அது."

"லூ, நீ நெனக்கிற மாதிரி இல்ல."

"நான் ஒண்ணுமே நெனக்கல. பாக்குறேன். நீ சொல்லு."

கேலன் சோளத்தட்டையை எட்டி உதைத்தான். "செப்டம்பர்லயே மாத்தச் சொன்னான். ஒன்பதுல எட்டு மாத்திட்டேன். வார் பத்தல. எல்லாம் மாத்தியாச்சுன்னு சொல்லிட்டேன், வாங்கி மாட்டிடலாம்னு. புது வாரும் வாங்கினேன். ரெண்டு வாரம் என் பையிலயே கெடந்துச்சு. பால் கறக்க, சோளம் அடிக்க... எனக்கு எங்க நேரம்?"

"அன்னைக்கு நேரம் கெடச்சுதா?"

"செத்துட்டான்னு நெனச்சேன்! தலையெல்லாம் ரத்தம். கூப்பிட்டேன், பதில் இல்ல. செத்தவனுக்கு இனிமே என்ன அவசரம்னு..." அவனே பாதியில் நிறுத்தினான்.

"மேல இருந்தப்போ சத்தம் வந்துச்சா?"

கேலன் கையுறையைத் திரும்ப மாட்டப் பார்த்தான்.

"கேலன். சத்தம் வந்துச்சா?"

"முனகினான்."

"எப்ப?"

"பாதி மாட்டினப்போ."

"இறங்கினியா?"

"பாதியில விட்டுட்டு எப்படி இறங்குறது?" என்றான் கேலன். கேட்டபிறகு தான் என்ன கேட்டோம் என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். "அந்த இருபது நிமிஷத்துல கால் வந்திருக்காது லூ. விழுந்தப்பவே போயிடுச்சு. டாக்டரே உன்கிட்ட சொன்னார்."

"காலப் பத்தி யாரு கேட்டா? அவன் சொன்னத ஒருத்தரும் நம்பல. ஊரே சிரிச்சுது. நீ அவன் இடத்துல போய் நின்னுக்கிட்டு அவன் கச்சையக் கையில பிடிச்சிப் பாடம் எடுக்குற."

"ஊர் சிரிச்சது என்னாலயா?" கேலன் ஓரடி முன்னால் வந்தான். குரல் மாறிவிட்டது. "அதிகாரி ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு கேட்டப்போ நீ என்ன சொன்ன? கச்சைய மாட்டாமலே கால வைக்கிற ஆளான்னு கேட்டார். சில சமயம் அவசரப்படுவான்னு சொன்னது நானா? நான் பக்கத்துலதான் நின்னேன். அவர் அத எழுதிக்கிட்டார். அத எழுதினதுக்கு அப்புறம்தான் நோட்ட மூடினார்."

அவள் சொன்னதுதான். அழுது களைத்த நேரத்தில், கேள்வி சீக்கிரம் முடியட்டும் என்று சொன்ன சொல்.

"கார்டக் குடு," என்று உள்ளங்கையை நீட்டினான் கேலன். "அடுத்த மாசம் பனி விழும். மலைமேல இருக்க. காலங்காத்தால அஞ்சரைக்கு உன் பாதையத் தள்ளிக் குடுக்க யாரு வருவா? அவனா எந்திரிச்சு வருவான்?"

அவள் போனை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். பின்னோக்கி எடுத்தபோது சோளத்தட்டைகள் வண்டியின் அடியில் படபடவென்று முறிந்தன.

*

ஆர்டன் காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தான். மான் கறித் தட்டு காய்ந்து கிடந்தது. "கேமரா மாட்டினியா? ஏணிய எந்தப் பக்கம் சாச்ச? இதென்ன, கால்ல இவ்வளவு முள்ளு, எந்த வழியா வந்த?"

கம்ப்யூட்டரில் கார்டைச் செருகி, அந்தத் தேதியை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவன் பார்த்தான். மெதுவாகத்தான் பார்த்தான். நடக்கிற கால்களைத் தாண்டிப் போனான். பரண் தொங்குகிற படத்தில் திரையில் விரலை வைத்தான்.

"சாஞ்சு தொங்குது பாரு," என்றான். சத்தமே இல்லாத குரல்.

"ஆமா."

"சொன்னேன்ல?"

"சொன்ன."

கடைசிப் படம் வரை போனான். திரும்ப முதலிலிருந்து வந்தான். லுவான் அவன் கத்துவதற்காகக் காத்து நின்றாள். அழுதாலும் சரி. தட்டைத் தூக்கி எறிந்தாலும் சரி. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இத எப்ப எடுத்த?"

"மத்தியானம்."

"எப்ப பாத்த?"

"ஒண்ணரைக்கு. பஸ்ல."

"பஸ் நாலரைக்கு முடியும். இப்ப மணி அஞ்சே முக்கால்." அவன் நாற்காலியைத் திருப்பி அவளுக்கு நேராக நின்றான். "உன் கோட்டுல சோளத் தூசி."

அவள் கோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"மொதல்ல அவன்கிட்ட போயிருக்க," என்றான் ஆர்டன். "என் படம். என் கேமரா. உயிரோட கெடந்தது நான். இவ்வளவையும் கண்ணால பாத்ததுக்கு அப்புறமும், அவன் என்ன சொல்றான்னு கேக்கணும்னுதான் உனக்குத் தோணியிருக்கு."

"ஆர்டன், அவன் வாயால..."

"அவன் வாயால வந்தாத்தான் உனக்கு நிஜம். நான் பதினொரு மாசம் சொன்னேன். பதினொரு மாசம் இந்த அடுப்படியில நீ எனக்குத் தலையணை சரி பண்ணி விட்ட."

லுவான் காய்ந்த தட்டை எடுத்துத் தொட்டியில் வைத்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டு மூட மறந்து நின்றாள்.

"இன்னிக்குப் புதன்தானே?" என்றான் பின்னாலிருந்து. "என் கட்டம்போட்ட சட்டைய எடு."

*

ஊர்க்கூடத்தில் மடக்கு நாற்காலிகளில் இருபது பிள்ளைகள், பின்வரிசையில் அப்பன்மார், இரண்டு அம்மாக்கள். பெரிய பாத்திரத்தில் காப்பி. சுவரில் மான் உடம்பின் படம், எங்கே சுட வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்டு. கேலன் குளித்துவிட்டு வந்திருந்தான், தலைமுடி ஈரம். கையில் பாதுகாப்புக் கச்சையைத் தூக்கிப் பிடித்திருந்தான். கதவு திறந்து நாற்காலிச் சக்கரம் மரத்தரையில் உருண்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"நடத்து, நடத்து," என்றான் ஆர்டன். நடுவழியில் நாற்காலியை நிறுத்திக்கொண்டான். "தம்பி பாடம் எடுக்குறத ஒரு நாளும் பாத்ததில்ல. பாக்கலாம்னு வந்தேன்."

கேலன் லுவானைப் பார்த்தான். அவள் கதவோரம் கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"கச்சையோட தொடை வார்," என்று கேலன் தொடங்கினான். "தொடை வார ரொம்ப இறுக்கக் கூடாது..."

"ஒரு கேள்வி," என்று ஆர்டன் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினான். பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். "காட்டுல ஒருத்தன் பரண்லேருந்து விழுந்து கெடக்கான். நீ பாத்துட்ட. மொதல்ல என்ன செய்யணும்?"

கேலன் கச்சையைத் திருப்பிப் பார்த்தான்.

"புத்தகத்துல இருக்கு கேலன். ஏழாம் பாடம். நான் எழுதிக் குடுத்ததுதான்."

"அவர அசைக்கக் கூடாது," என்றான் கேலன். "உடனே உதவிக்குக் கூப்பிடணும்."

"உடனேன்னா எத்தன நிமிஷம்?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"பிள்ளைங்களுக்குத் தெரியணும்ல. பரீட்சையில கேப்பாங்க. ஒரு நிமிஷமா? அஞ்சா? அதுக்கு நடுவுல வேற ஏதாச்சும் வேலை இருந்தா முடிச்சிட்டுப் போலாமா? மரத்துமேல, பாதியில நிக்கிற வேலை?"

கேலன் கையை மேசையில் ஊன்றினான். வாயைத் திறந்தான். பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தான், மூடிக்கொண்டான். கச்சையை மேசைமேல் வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொள்ளாமலே பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே போனான். சரளைக்கல்லில் அவன் வண்டி கிளம்பிய சத்தம் வெகுநேரம் கேட்டது.

எல்லோரும் ஆர்டனைப் பார்த்தார்கள். அவன் சட்டைப்பையில் கார்டு இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. லுவானுக்குத் தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"போன வருஷம் நான் அதிகாரிகிட்ட ஒண்ணு சொன்னேன்," என்றாள் கதவோரத்திலிருந்து. "இவன் அவசரக்காரன்னு. மாட்டாம ஏறுவான்னு. உங்க எல்லாருக்கும் அது தெரியும், அத வச்சுத்தான் பேசினீங்க. அது பொய். இவன் பரண்ல ஏறி நான் பாத்ததே இல்ல. பலகை வார் அறுந்துதான் விழுந்தான். படம் இருக்கு. அந்த வார மாத்தாதவன்தான் இப்ப வெளிய போனவன்."

ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்டன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை சுவரில் இருந்த மான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சக்கரங்களைத் தள்ளி மேசைக்கு முன்னால் போய், கச்சையை எடுத்து உதறினான்.

"தொடை வார்," என்றான். "உள்ள ரெண்டு விரல் போகணும். மூணு விரல் போனா லூசு. யாரு மொதல்ல வர்றீங்க?"

ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்தாள். அவள் இடுப்பில் கச்சையை மாட்டிக் காட்டி, கால் தரையை விட்ட நிமிஷத்திலிருந்து கயிற்றில் கொக்கி இருக்க வேண்டும் என்று சொல்லி, பழைய வாரை வெயிலும் அணிலும் எப்படித் தின்னும் என்று கையால் முறுக்கிக் காட்டி, ஒன்றரை மணி நேரம் பாடம் எடுத்தான். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டால் பொறுமையாகத் திரும்பச் சொன்னான். வீட்டில் ஒரு வருஷமாக லுவான் கேட்காத குரல் அது.

முடிந்ததும் அப்பன்மார் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. குளிர் எப்படி, கிடா ஏதும் கண்ணில் பட்டதா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

வெளியே பிக்கப்பின் கதவைத் திறந்து, வழக்கம்போல லுவான் அவன் முன்னால் குனிந்து இரண்டு கைகளையும் அவன் அக்குளுக்கடியில் கொடுக்கப் போனாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்குகிற உடம்பு. அவன் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து, தன் மகளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பால்பண்ணைக்காரனைக் கூப்பிட்டான்.

"ஒரு கை குடுக்க முடியுமா?"

அந்த ஆள் ஓடி வந்தான். லுவான் ஒதுங்கினாள். பழக்கமில்லாத கை, ஆர்டனின் ஒரு கால் கதவு விளிம்பில் இடித்தது. அவனுக்கு அது தெரியாது, அவள் பார்த்தாள். இருக்கையில் அவனைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு அந்த ஆள் தொப்பியைத் தொட்டான்.

"ரொம்ப நன்றி," என்றான் ஆர்டன்.

லுவான் நாற்காலியை மடித்துப் பின்னால் தூக்கிப் போட்டாள். சுற்றிவந்து ஏறி, சாவியைத் திருகினாள். கண்ணாடியில் மூச்சு படிந்திருந்தது, துடைக்க வேண்டியிருந்தது.

"அடுத்த புதனும் கொண்டுவந்து விடணும்," என்றான் அவன், முன்னால் பார்த்தபடி.

"சரி."

"கொண்டுவந்து விட்டா போதும். நீ உள்ள வர வேண்டாம்."

அவள் விளக்கைப் போட்டு, வண்டியைச் சாலைக்குத் திருப்பினாள்.